கல்லும் ஒரு பாடம்

ஒரு கல்லை எதிரே வைத்துக்கொண்டு நாளெல்லாம் சித்திரம் எழுதுகிறவனைக் கண்டால், ‘வேலையற்றவன்’ என்றுதான் ஊர் சொல்லும். மனிதருக்கே ஆயிரம் கவலை இருக்கும்போது கல்லுக்கு என்ன இத்தனை உபசாரம்? கேள்வி நியாயமானதுதான்.

1853-ல் ஆங்கிலேய அறிஞர் ஜான் ரஸ்கின், ஸ்காட்லாந்தில் கிளென்ஃபின்லாஸ் என்ற ஓடைக்கரையில் உட்கார்ந்து பாறை ஒன்றை எழுதத் தொடங்கினார். ஓவியர் மில்லே அங்கேயே ரஸ்கினின் உருவத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஓவியர் மனிதரை எழுத, அந்த மனிதரோ பாறையை எழுதினார்! சிறு கல்லிலும் மலையின் அமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது அவர் கொள்கை.

செட்டிகுளத்துக் குன்றின் மேல் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணியைத் தரிசிக்கப் போகிறோம். சந்நிதியைக் கண்குளிரப் பார்க்கிறோம். ஏறிப்போகும் பாறையைப் பார்க்கிறோமா? அதே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஒரு கல் கிடக்கிறது. கல்லல்ல, சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே கடல் இருந்த காலத்தில், மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரம். 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை இனங்கண்டார். கல்லுக்குள் மரத்தைக் கண்டது நின்று பார்த்த பார்வையல்லவா?

பாறையை எழுதுகிறவனுக்கும் அந்தப் பார்வைதான் வேண்டும். ‘கருங்கல்’ என்று பெயர் சொல்லிவிட்டால் கண் மூடிக்கொள்கிறது. எழுத உட்கார்ந்தால், நிழலில் நீலமும், வெடிப்பில் காவியும், ஓரத்தில் பாசியும் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நம் எண்ணத்தைக் கல்லின் மேல் ஏற்றினால் சித்திரம் பொய்யாகிறது. பணிவு இல்லாமல் இந்த வேலை நடக்காது.

ஆனால் இது ஓய்வுள்ளவனின் சுகந்தானே என்று கேட்கலாம். இந்த வட்டாரத்துக் குவாரிகளில் வெயிலில் கல் உடைப்பவனுக்குக் கல்லின் அழகு எதற்கு? உண்மையைச் சொன்னால், கல்லின் போக்கைச் சித்திரக்காரனைவிட அவன் நன்றாக அறிவான். தட்டிப் பார்த்து ஓசையால் ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் சிற்பிக்கும் அது தெரியும். கல்லை அறியாதவர்கள் அதை லாரிக் கணக்கில் வாங்கி வீடு கட்டிக்கொள்ளும் நாம்தாம்.

கல்லை உடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளின் அடியில் இருப்பதும் அதுதானே? ஒரு மணி நேரமாவது அதனிடம் எதையும் கேட்காமல் பார்த்தவனுக்கு, ஒரு குன்று குறையும்போது எது குறைகிறதென்று தெரியும். அந்தக் கல்லைப் பெயர்த்த கையின் உழைப்பும் அவன் கண்ணுக்குத் தப்பாது.