வரைபடத்தில் வராதவர்

சென்னையில் 18.30 மீட்டருக்கு மேல் எழும்பும் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி வேண்டுமென்றால், பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்குப் போகும் கோப்பில் பல தடையில்லாச் சான்றுகள் சேர வேண்டும். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா என்று ஒரு துறை பார்க்கும். விமானங்களுக்கு இடைஞ்சல் வருமா என்று இன்னொரு துறை பார்க்கும். வண்டிகள் எந்த வாயிலில் நுழைந்து எதில் வெளியேறும் என்று போக்குவரத்துக் காவல்துறை பார்க்கும். எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்த வாயிலுக்கு முன்னால் தினமும் நடந்துபோகிறவர்களுக்காகக் கேள்வி கேட்டுச் சான்று தருவதற்கென்று தனியாக ஒரு துறை கிடையாது.

இதை நிர்வாகக் குறை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. முன்னால் வந்து நிற்பவரின் கோரிக்கையையும் வராதவரின் உரிமையையும் குழுமம் எப்படி எடைபோட வேண்டும் என்கிற அறக்கேள்வி இது. விண்ணப்பதாரருக்குக் கட்டடக் கலைஞர் இருக்கிறார். வங்கிக் கடனின் வட்டி ஏறிக்கொண்டே போகிறது என்று சொல்ல நியாயமான காரணமும் இருக்கிறது. நடப்பவருக்கோ இப்படி ஒரு கோப்பு நகர்கிறது என்பதே தெரியாது. நிலப் பயன்பாட்டை மாற்றுவதென்றால் நாளிதழில் அறிவித்து ஆட்சேபம் கேட்கிறார்கள். கட்டட அனுமதிக்கு அந்த வழக்கம் இல்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதும் தீர்ப்பு, எழுதியவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அரைத் தீர்ப்புதான்.

வரைபடத்தின் ஒரு சிறு கோடு தெருவுக்கு வந்ததும் என்னவாகிறது என்று பார்க்கலாம். தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளம். அதற்கு இறங்க ஒரு சாய்தளம். அந்தச் சரிவு மனைக்குள்ளேயே தொடங்கி மனைக்குள்ளேயே முடிய வேண்டும். உள்ளே நீளம் போதாதபோது கட்டுபவர் நடைபாதையை உடைத்துச் சரிவைச் சாலை விளிம்புவரை இழுத்துவிடுகிறார். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலையும் உயர்த்தியிருப்பதால், நடைபாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு கிடக்கிறது. அடுத்த கட்டடத்திலும் அப்படியே. இடுப்பில் குழந்தையோடு வருகிற தாய் இரண்டு மூன்று மேடுகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, தார்ச்சாலையிலேயே நடக்கத் தொடங்கிவிடுகிறாள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு முதல் வாசலிலேயே வழி முடிந்துவிடுகிறது.

நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடங்கலில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டராவது வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012லேயே வரையறுத்திருக்கிறது. 2022இல் நாட்டின் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். முதல் தகவல் அறிக்கையில் வண்டியின் எண் வரும், ஓட்டியவரின் பெயர் வரும். நடந்தவரைத் தார்ச்சாலைக்கு இறக்கிய சாய்தளத்துக்கு அனுமதி தந்த கோப்பின் எண் வராது.

2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், எத்தனை சதுர மீட்டருக்கு எத்தனை கார், எத்தனை இருசக்கர வண்டி என்று விரிவான அட்டவணை உண்டு. பேருந்தில் வந்து இறங்கி நடந்து வருகிறவர்களுக்கு அப்படி ஓர் அட்டவணை இல்லை. இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. கட்டடத்தின் முன்னால் உள்ள சாலை அகலமாக இருந்தால், கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு வாங்கலாம்: 9 மீட்டர் சாலைக்கு 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கு 50. பொதுச் சாலையின் அகலம் தனியார் மனையில் மாடியாக எழுகிறது. அந்த அகலத்துக்குள் நடைபாதையும் அடங்கியிருக்கிறது. அதைக் கணக்கில் காட்டி மாடி வாங்கியவர் அதையே உடைக்கிறார் என்றால், ஒரே சொத்தை இரண்டு முறை எடுத்துக்கொள்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நகரத்துக்கு வீடுகள் வேண்டும். குழுமம் போடும் ஒவ்வொரு நிபந்தனையும் கடைசியில் விலையில்தான் ஏறும். பெரம்பூரில் வாங்க முடியாத குடும்பம் கூடுவாஞ்சேரிக்குப் போகிறது, அங்கே நடைபாதை இன்னும் அரிது. அவர்களும் நடப்பவர்கள்தானே என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மனைக்குள் எவ்வளவு இடம் விடுவது, எத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்பவற்றில் குழுமம் தாராளமாக இருக்கலாம்; கார் கணக்கைக் குறைத்தால் சாய்தளமும் சிறுத்து, வீட்டின் விலையும் கொஞ்சம் இறங்கும். ஆனால் மனைக்கு வெளியே உள்ள 1.8 மீட்டர் விண்ணப்பதாரருடையது இல்லை, குழுமத்துடையதும் இல்லை. தன்னுடையதல்லாததை எவரும் சலுகையாகத் தர முடியாது.

பணம் வாங்கிக்கொண்டு ஈடுகட்டலாம் என்ற எண்ணம் இந்த நிர்வாகத்தில் ஆழமாக வேரோடியிருக்கிறது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைகளில், பொதுத் திறந்தவெளிக்கான பத்து சதவீதத்தை நிலமாகத் தராமல் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். 2007 ஜூலை 1க்கு முந்தைய விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 113-சி என்ற பிரிவே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பூங்காவை வேறிடத்தில் அமைத்து ஓரளவு ஈடுசெய்யலாம். வழி அப்படியல்ல. தியாகராய நகரில் அடைபட்ட பாதைக்கு அண்ணா நகரில் ஈடு கிடையாது. அதே காரணத்தால்தான் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட அகலமான நடைவெளி, அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும், பக்கத்துத் தெருக்களில் பட்ட கடனைத் தீர்ப்பதில்லை.

நடைபாதைக் கடைக்காரரின் வழக்கு வேறு. பூ விற்கும் பெண்ணையும் சாய்தளம் கட்டிய நிறுவனத்தையும் ஒரே ஆக்கிரமிப்புப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம். அவள் அங்கே உட்காருவது வயிற்றுப்பாட்டுக்கு. அவளிடம் வாங்குகிறவர்களும் நடந்து வருகிறவர்கள்தான். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடங்களை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கே ஒதுக்கியது. இடத்தைப் பகிர்வது பற்றிப் பேச அங்கே ஓர் அவை இருக்கிறது, உட்கார நாற்காலியும் இருக்கிறது. கட்டட அனுமதியில் நடப்பவருக்கு அந்த நாற்காலி இன்னும் போடப்படவில்லை.

தடையற்ற நடைபாதை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. அனுமதி தரும் மேசைக்கு அது வந்து சேர வேண்டுமானால், மனையின் வரைபடம் மதில் சுவரோடு நிற்கக் கூடாது. வெளியே உள்ள நடைபாதையின் அகலம், உயரம், இருபுறமும் அடுத்த மனைகளின் மட்டம் எல்லாம் அதில் வரவேண்டும். கட்டி முடித்தபின், மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் பணி நிறைவுச் சான்று கேட்கப்படுகிறது அல்லவா? அந்தச் சான்றில் கையெழுத்திடும் அதிகாரி வாசலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நடந்து பார்க்கட்டும். அந்தப் பகுதியைச் சேர்ந்த, சக்கர நாற்காலியில் செல்கிற ஒருவர் உடன் வரட்டும்; அவரால் கடக்க முடியவில்லை என்றால் சான்று நிற்கட்டும்.