வலியும் வண்ணமும்

வலி உடலின் காவலன். நெருப்பில் பட்ட விரலைச் சட்டென இழுத்துக்கொள்ளச் செய்வதும், ஒடிந்த காலை ஊன்றவிடாமல் தடுப்பதும் வலியே. ஆனால் எச்சரித்து முடித்த பின்னரும் ஓயாமல் கூவும் காவலனும் உண்டு. மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்று வகைப்படுத்துகின்றனர். அது வந்துபோகும் விருந்தாளி அல்ல. வீட்டையே தனதாக்கிக்கொள்ள முயல்வது.

வாத நோயால் துன்புற்ற மேல்புத்தூர் நாராயண பட்டத்திரி, 16-ஆம் நூற்றாண்டில் குருவாயூரில் அமர்ந்து நாராயணீயத்தை இயற்றினார். நூறு தசகங்களும் நிறைவுற்றபோது நோய் நீங்கியது என்பது மரபு. கேட்பவர் நெஞ்சம் நிறைகிறது. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: நோய் நீங்காமலே போகிறவர்களின் வாழ்வுக்குப் பொருள் எது?

பிரெஞ்சு ஓவியர் பியர் அகுஸ்த் ரெனுவார் அப்படிப்பட்ட ஒருவர். 1841-இல் பிறந்த அவரை, ஐம்பது வயதை ஒட்டி முடக்குவாதம் பற்றியது. வெப்பமான காற்றை நாடி, 1907-இல் தென் பிரான்சின் கான்ய்-சுர்-மெர் என்ற ஊரில் ஆலிவ் தோப்பு ஒன்றை வாங்கிக் குடியேறினார். விரல்கள் உள்நோக்கி மடங்கின, கால்கள் செயலிழந்தன, வாழ்வின் இறுதி ஆண்டுகள் சக்கர நாற்காலியில் கழிந்தன. உள்ளங்கைத் தோல் புண்படாமலிருக்கத் துணி சுற்றப்பட்டது. பிறர் எடுத்துக் கொடுத்த தூரிகையை அந்தக் கையில் பற்றிக்கொண்டு வரைந்தார். எட்டாத இடங்களை எட்டுவதற்காக, திரைச்சீலையை உருளைகளில் சுற்றி நகர்த்தும் அமைப்பும் இருந்தது. 1919-இல் மறையும்வரை அவர் ஓயவில்லை. 'நீராடுவோர்' என்ற பெரிய ஓவியம் அந்த இறுதிக் காலத்துப் படைப்பே.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்கு வந்துவிடக் கூடாது. வலியே அவரைக் கலைஞராக்கியது என்பது ஒன்று. அவரது புகழ்பெற்ற நடன விழா ஓவியம் 1876-இல், நோய் தீண்டுவதற்கு முன்பே பிறந்துவிட்டது. எனவே துன்பத்தைப் போற்ற வேண்டியதில்லை. தணிக்கக்கூடிய வலியைத் தணித்துக்கொள்வதே அறிவுடைமை. கலை அவரது வலியைப் போக்கியது என்பது மற்றொன்று. வலி போகவில்லை. மூட்டுகள் மேலும் மேலும் சிதைந்தன.

அப்படியானால் கலை அவருக்கு எதைத் தந்தது? வலியின் இயல்பு, மனத்தை முழுவதும் தன்பக்கம் இழுத்துக்கொள்வது. நாளடைவில், 'எனக்கு வலி இருக்கிறது' என்ற நிலை மாறி, 'நானே வலி' என்றாகிவிடுகிறது. படைப்போ மனத்தின் முகத்தை வெளியே திருப்புகிறது. ரெனுவாரின் இறுதிக்கால ஓவியங்களில் வேதனையின் சாயல் இல்லை; மலர்களும் குழந்தைகளும் ஆலிவ் மரங்களினூடே கசியும் ஒளியுமே உள்ளன. உடல் வலியின் வசமிருந்தது. பார்வை அவர் வசமே இருந்தது.

எல்லோரும் ரெனுவார் ஆக முடியுமா? ஆக வேண்டியதில்லை. மூட்டு வலியோடு வாசலில் நான்கு புள்ளிக் கோலமிடும் மூதாட்டியும், படுக்கையில் இருந்தபடி பேத்திக்குக் கதை புனைந்து சொல்லும் முதியவரும் செய்வது அதே செயல்தான்.

அதுவும் இயலாத நாட்கள் வரும். அந்நாட்களில் அவர்கள் தோற்றுவிட்டதாக எண்ணுவது அநீதி. 'ரெனுவாரைப் பார், உனக்கென்ன?' என்று வலியில் இருப்பவரிடம் கூறுவது, அவர் வரலாற்றைச் சாட்டையாக்குவதாகும். அவ்வரலாறு நலமாக இருப்பவர்களுக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. மடங்கிய அந்த விரல்களுக்குள் தூரிகையை வைத்தது இன்னொருவரின் கை. துன்புறுபவரின் அருகில் அமர்ந்து, அவர் கேட்கும்போது தூரிகையை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கையாக இருப்பதும் ஒரு படைப்பே.