பத்தாவது பிள்ளை

ஆண்டுதோறும் சனவரி 24ஆம் நாள் அனைத்துலகக் கல்வி நாளாகப் போற்றப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018இல் அதனை அறிவித்தது. கல்வி எல்லார்க்கும் பொது என்று அன்று மேடைகள் முழங்கும். அந்த ‘எல்லார்’ யாவர் என்பதே அறவினா.

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறு அவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. அம்மாநிலமும் அடங்கிய கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரேனும் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்றது. அதனால் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல தோன்றின; அந்நன்மையை மறத்தல் நன்றன்று. ஆயினும் ஒன்பது பிள்ளைகளே வாழ்ந்த தோட்டத்திற்கு அக்கடமை இல்லை. பத்தாவது பிள்ளை வாராத குறைக்கு ஒன்பது பிள்ளைகள் செய்த பிழை யாது?

எண்ணிக்கையைப் பார்த்து அளிப்பது ஏற்பாடு. உரிமையோ ஒவ்வொரு பிள்ளையுடனும் பிறப்பது. மலேசியாவில் தொடக்கக் கல்வி 2003இல் கட்டாயமாக்கப்பட்டபோது, சட்டத்தின் பார்வை தோட்டத்தின் தொகையை விட்டுத் தனிப்பிள்ளையின்மேல் விழுந்தது. எனினும் சட்டம் பெயரைப் பதியச் செய்யும். பிள்ளையின் மனநிலையையும் வீட்டு நிலையையும் அறிபவர் ஆசிரியரே.

ஆகவே, கல்வி நாளன்று எண்ணத்தக்கவர் அவையில் அமர்ந்தோர் அல்லர். பதிவேட்டில் பெயரிருந்தும் வகுப்பிற்கு வாராதோரே. அவர்தம் வீட்டு வாயிலை நாடிச் செல்லும் நடையே அந்நாளுக்குரிய கொண்டாட்டம்.