உண்பவர் உடலும் விற்பவர் பொறுப்பும்

"வாடிக்கைக்காரர் கேட்ட சரக்கைக் கொடுத்தோம், நிறையும் சரி, விலையும் சரி. அதற்கு மேல் நமக்கு என்ன கடமை?" என்று வணிகர்களிடையே ஒரு பேச்சு உண்டு. துணி விற்பவருக்கு இவ்விடை போதுமானதாக இருக்கலாம். மனிதனின் வயிற்றுக்குள் போய் அவன் இரத்தமும் தசையுமாக மாறும் பொருளை விற்பவருக்கும் இது போதுமா? இதுவே நாம் ஈண்டு சிந்திக்க விரும்பும் வினா. இதற்குப் பாடம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இக்கோலாலம்பூரிலேயே அப்பாடம் அரிசியைக் கொண்டு எழுதப்பட்டிருக்கிறது.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவைப் 'பெரிபெரி' என்னும் நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தளரும், இறுதியில் இதயம் ஓயும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் இந்நோயால் பெருந்தொகையினராக மாண்டனர். அதே மண்ணில், அதே வெயிலில் உழைத்த தமிழரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. தம் வயல் நெல்லை வீட்டிலேயே குத்தி உண்ட மலாய்க்காரரும் பெரும்பாலும் தப்பினர். சீனர் உண்டது ஆலையில் நன்கு தீட்டப்பட்டு வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேற்றுமையைக் கண்டு, நோயின் வேர் அரிசியில்தான் உள்ளது என்று வாதிட்டார்.

இதைச் சோதித்தறிய முற்பட்டவர் கோலாலம்பூரில் பணிபுரிந்த மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் இந்நகரின் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பகுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை மறு பகுதியிலும் வைத்தார். ஒரு சாராருக்கு வெள்ளைப் பச்சரிசி. மறு சாராருக்குப் புழுங்கலரிசி. 1906ஆம் ஆண்டு முடியும்வரை இது நடந்தது. வெள்ளரிசி உண்ட 120 பேரில் கால் பங்குக்கு மேற்பட்டவரை நோய் பற்றியது. அவர்களில் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. 1907இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் இம்முடிவு வெளியாயிற்று.

காரணம் யாது? நாம் உண்ணும் மாவுச்சத்தும் கொழுப்பும் உடலுக்கு விறகு போன்றவை. புரதம் உடலைக் கட்டவும் பழுது பார்க்கவும் உதவுகிறது. ஆனால் அடுப்பு நிறைய விறகிருந்தும் நெருப்பில்லையேல் சோறு வேகுமா? மாவுச்சத்தை எரித்து வலிமையாக்குவதற்குத் தயமின் எனும் பி1 உயிர்ச்சத்து சிறிதளவேனும் வேண்டும். அது குறைந்தால் நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன. அச்சத்தை உடல் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. நெல்லின் தவிட்டிலும் முளையிலுமே அது மிகுதி. தீட்டத் தீட்ட அது போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ அச்சத்து உள்ளே ஊறி மணியில் தங்கிவிடுகிறது. உயிர்ச்சத்து என்ற சொல்லே அறியாத நம் பாட்டிமார் அவித்த புழுங்கல் நெல், கடல் கடந்து வந்த தமிழரின் உயிரைக் காத்தது!

இப்பொழுது நம் வினாவுக்கு வருவோம். அக்காலத்தில் வெள்ளரிசி விற்றவர் குற்றவாளியா? அல்லர். அவருக்கு அது தெரியாது, மருத்துவர்களுக்கே தெரியாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்றார் வணிகர். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்பதே அண்ணலார் எழுப்பிய கேள்வி. சரக்கு நனைந்தது வணிகரின் பிழையன்று; தாம் அறிந்த ஈரத்தை மறைத்ததே பிழை. ஆகவே பொறுப்பின் அளவுகோல் அறிவுதான். அறியும்வரை மன்னிப்பு உண்டு. அறிந்தபின் சாக்கு இல்லை.

இன்று நாம் அறிந்த ஈரம் எது? பருப்பும் மீனும் காய்கறியும் சேர்த்து உண்பவருக்கு வெள்ளரிசியால் பெரிபெரி எளிதில் வருவதில்லை. இன்றைய ஈரம் சர்க்கரையில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. 2019 ஜூலை முதல் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரியும் விதித்துள்ளது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தே தாரிக் ஆற்றும் நம் கடைகளில், குவளையின் அடியில் எத்தனை கரண்டி டின் பால் இறங்குகிறது என்பது குடிப்பவருக்குத் தெரியாது, ஆற்றுபவருக்குத் தெரியும்.

"குறைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே!" என்பீர்கள். அது வெறும் சாக்கன்று. வாடகையும் சம்பளமும் கட்டுகிறவருக்கு அது உண்மையான கவலை. வாடிக்கைக்காரருக்கு மருத்துவராகுமாறு நாம் கூறவில்லை. இனிப்பாக வேண்டும் என்று கேட்பவருக்கு இனிப்பாகவே கொடுக்கலாம். அது அவர் விருப்பம். ஆனால் 'குராங் மானிஸ்' என்று கேட்டவருக்கு உண்மையிலேயே குறைத்துக் கொடுப்பதும், கேட்காதவருக்கு அளவோடு ஊற்றுவதும், என்ன சேர்ந்திருக்கிறதென்று வினவினால் மறைக்காமல் சொல்வதும் நம் கடமை.

இன்னுமொன்று உண்டு, அதுவே பெரிது. அந்த விடுதியில் இறந்த 18 பேர் தங்கள் அரிசியைத் தாங்களே தேர்ந்தவர்கள் அல்லர். சோதனைக்குச் சம்மதம் தந்தவர்களும் அல்லர். தட்டில் வைத்ததை உண்டார்கள். நம் கடைகளில் வேலை செய்து, நம் அடுக்களையிலேயே மூன்று வேளையும் உண்ணும் பிள்ளைகளின் நிலை என்ன? மிஞ்சிய சோறும் குழம்பின் அடியும்தான் அவர்களுக்கென்றால், ஒரு முட்டைக்கும் ஒரு கைப்பிடிக் கீரைக்கும் கணக்குப் பார்த்தால், அவர்கள் வேறெங்கே போய்க் கேட்பார்கள்? வாடிக்கைக்காரருக்கு அடுத்த கடை உண்டு, அவர்களுக்கு இல்லை.

தேர்ந்துண்ண இயலாதவரின் தட்டு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தராசில் நிறை சரிபார்க்கும் கை, அத்தட்டையும் சரிபார்க்கட்டும்.