அழியும் படைப்பும் காணிக்கையும்

ஜப்பானின் ஐச்சி மாகாணத்துத் தொயோஹாஷி நகரிலுள்ள யோஷிதா ஆலயத்தில், ஜூலையில் நிகழும் கியோன் விழாவின்போது, ‘தெசுத்சு ஹனாபி’ எனப்படும் கைக்குழாய் வாணம், அதாவது மூங்கில் குழாயில் வெடிமருந்தை அடைத்துக் கையில் ஏந்தியபடியே கொளுத்தப்படும் வாணம், தெய்வத்திற்குக் காணிக்கையாகச் செலுத்தப்படுகிறது. மூங்கிலை வெட்டி உலர்த்துவது முதல், அது பிளந்துவிடாதபடி வெளியே கயிற்றை இறுகச் சுற்றுவது வரையிலான வேலைகளை, வாணத்தை ஏந்தப்போகும் ஊர்க்காரர்களே செய்வது மரபு.

நீண்ட உழைப்பு சிறுபொழுதில் எரிந்து தீரும் இச்செயலுக்குப் பொருள் உண்டா என்பது மெய்யியல் வினா. அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலில், தனக்குப் புறம்பான பொருளொன்றை நோக்கமாகக் கொள்ளும் ஆக்கத்தையும், நன்கு செய்வதையே நோக்கமாகக் கொள்ளும் செய்கையையும் வேறுபடுத்தினார். உளி செய்பவரின் உழைப்பு முதல் வகையில் எளிதாக அடங்குகிறது. ஏனெனில் கருவி, செய்தவரின் கையை விட்டு நீங்கிய பின்னும் நிலைத்துப் பயன் தருகிறது. வாணமோ அப்பாகுபாட்டைக் கடக்கிறது. தம் பிழையின் விளைவைத் தம் உடலே ஏற்கும் என்றறிந்து ஒவ்வொரு சுற்றையும் கவனமாக இறுக்கும்போது கைத்திறன் அறமாகிறது. எதையும் மீத்துக்கொள்ளாமல் அளிக்கப்படும்போது அதுவே வழிபாடாகிறது. ஆகவே, படைப்பின் மதிப்பை அது நிலைக்கும் காலத்தால் மட்டும் அளப்பது, படைத்தவரைக் கணக்கில் கொள்ளாத குறைபட்ட அளவையே ஆகும்.