கிளியும் பசுவும்

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றூர் ஜினாலயம் ஒன்றில் சிறார்க்கான ஒப்பித்தல் போட்டி நடைபெற்றது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் தொடங்கி, இருபத்து நான்கு தீர்த்தங்கரர்தம் திருநாமங்களையும், அவர்களுக்குரிய இலாஞ்சனங்களையும், ஐந்து விரதங்களையும் ஒரு சொல்லும் பிறழாமல் ஒப்பித்து முதற்பரிசு பெற்றான். கூடியிருந்தோர் அனைவரும் மகிழ்ந்தனர். சிறிது நேரத்திற்கெல்லாம் அதே சிறுவன், கோயிலின் வெளிச்சுற்றில் வரிசையாகச் சென்றுகொண்டிருந்த எறும்புகளை ஒவ்வொன்றாகக் காலால் தேய்த்து விளையாடிக்கொண்டிருந்தான். அதனைக் கண்ட தாயார் பதறி ஓடிவந்து அவன் முதுகில் ஓர் அறை வைத்தார். "அகிம்சை என்றால் என்ன? சற்று முன்புதானே சொன்னாய்!" என்று அதட்டினார். சிறுவன் தேம்பி அழுதுகொண்டே, "எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமை" என்று பிழையின்றி ஒப்பித்தான்.

இது யாருடைய குற்றம்? சிறுவன் பொய் சொல்லவில்லை; கற்பித்ததை மறக்கவுமில்லை. அகிம்சை என்னும் சொல்லை அவன் நா அறிந்திருந்தது. எறும்பை அவன் கால் அறிந்திருந்தது. இவ்விரண்டும் அவன் உள்ளத்தில் ஒருமுறையேனும் சந்திக்க நாம் வழி செய்யவில்லை. ஆகவே, இங்கு எழும் வினா குழந்தையைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. கண்ணும் கருத்தும் சென்று சேராத ஒன்றை நாவில் மட்டும் ஏற்றிவிட்டு, "பிள்ளைக்கு அறத்தைக் கற்பித்துவிட்டோம்" என்று நாம் மனநிறைவு கொள்வது தகுமா?

விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆசாரியர் உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயமே நமக்கு வழிகாட்டும். மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என ஞானம் ஐவகைப்படும். ஐம்பொறிகளாலும் மனத்தாலும் பெறுவது மதிஞானம். சொல்லாலும் நூலாலும் விரிவது சுருதஞானம். சுருதஞானம் மதிஞானத்தை முன்னிட்டே தோன்றும் என்பது ஆசாரியர் வாக்கு. மதிஞானம் நான்கு படிகளாய் நிகழ்வதையும் அவர் விளக்குகிறார். ஏதோ ஒன்று உளது என்று முதற்கண் பற்றுவது அவக்கிரகம். அஃது யாதென அறிய விழைவது ஈஹா. இன்னதே எனத் துணிவது அவாயம். துணிந்ததை மறவாது உள்ளத்தில் தரிப்பது தாரணை.

இந்நான்கும் கண நேரத்தில் நிகழ்ந்து முடியக்கூடியவை என்பது உண்மையே. ஆயினும், அறிவு உள்ளே புகும் வரிசை இதுவானால், கற்பிக்கும் வரிசையும் இதுவாகத்தானே இருத்தல் வேண்டும்? நாம் செய்வதோ வேறு. நான்காம் படியாகிய தாரணையிலேயே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். அச்சிறுவன் எறும்பை ஊன்றிக் கண்டதில்லை. அஃது எங்கே செல்கிறது, எதனைச் சுமக்கிறது, மிதித்தால் அதற்கு நோகுமா என்று வினவியதில்லை. நம்மைப் போலவே வாழ விழையும் ஓர் உயிர் அஃது என்று துணிந்ததுமில்லை. தரித்துக்கொள்ள அவனுள்ளத்தில் என்ன இருந்தது? சொற்கள் மட்டுமே இருந்தன. அவற்றை அவன் குறைவின்றித் தரித்துக்கொண்டான்.

நம் மரபில் வந்த பவணந்தி முனிவர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், மாணாக்கரை மூவகையாகப் பகுத்து உவமை கூறியிருப்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போன்றோர் கடைமாணாக்கர். சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளிக்கு முனிவர் தந்தது இரண்டாம் இடமே. கண்ட இடத்தில் மேய்ந்து, பின்னர் ஓரிடத்தே அமர்ந்து அசைபோடும் பசுவையே அவர் முதல் வரிசையில் வைத்தார். நம் போட்டிகளில் முதற்பரிசு யாருக்குச் செல்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

அம்முனிவர் வேறொரு கணக்கும் தருகிறார். ஆசிரியர் உரைத்ததை எத்துணை நன்றாகக் கேட்டாலும் ஒருவனுக்குக் கிடைப்பது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். பாடசாலையில் பிள்ளைகளைக் கைகட்டி வரிசையாக அமர்த்தி நாம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால், முக்காற் பங்கை அவர்களுக்கு மறுத்தவர்கள் ஆகிறோம்.

இங்கே பெரியோர் ஒரு தடை எழுப்பக்கூடும். "மனனம் செய்யும் வழக்கம் இல்லையாயின் நம் ஆகமங்களே எஞ்சியிரா. நினைவில் தாங்கியவர்களால் அன்றோ அவை நம் கைக்கு வந்தன?" என்பார்கள். மிகவும் நேர்மையான தடை இது. ஆனால் அந்த வரலாற்றையே சற்று ஊன்றி நோக்குவோம்.

ஆகமத்தின் ஒரு பகுதியைத் தம் நினைவில் தாங்கியிருந்த தரசேனாசாரியர், முதுமையுற்ற காலத்தில், அது தம்மோடு அழிந்துவிடலாகாதே என்று கவலைகொண்டு, தகுதியுடைய இரு முனிவர்களைக் கிரிநார் மலைக்கு வரவழைத்தார். வந்தவர்களுக்கு உடனே ஆகமத்தை ஓதிவிடவில்லை. இருவருக்கும் தனித்தனியே ஒரு மந்திரத்தைக் கொடுத்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறை. அவற்றைச் சாதித்தபோது, ஒருவர்க்குப் பல் நீண்ட தேவதையும், மற்றவர்க்கு ஒற்றைக் கண் தேவதையும் தோன்றின. "தேவர்க்கு இத்தகைய ஊனம் இயல்பன்றே, பிழை மந்திரத்தில் இருத்தல் வேண்டும்" என்று இருவரும் ஆராய்ந்து, மிகுந்ததை நீக்கியும் குறைந்ததைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தேவதைகள் தம் இயல்பான வடிவில் தோன்றினர். அதன் பின்னரே ஆசாரியர் மனம் மகிழ்ந்து தாம் தாங்கியதை அவர்களுக்கு அருளினார். அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும். அவ்வாறு உருவானதே ஷட்கண்டாகமம். அது நிறைவெய்திய நாளையே சுருத பஞ்சமியாக இன்றும் கொண்டாடுகிறோம்.

தாம் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்வோரை ஆசாரியர் தேடவில்லை. குருவே கொடுத்ததாயினும், விளைவைக் கண்டு ஆராய்ந்து திருத்தும் அறிவுடையோரிடமே ஆகமத்தை ஒப்படைக்கலாம் என்று கருதினார். சுருத பஞ்சமியன்று நூலுக்கு அர்ச்சனை செய்யும் நாம் இதனை நினைவிற்கொள்ள வேண்டாமா?

மனனமே வேண்டாவென்பது நம் கருத்தன்று. நற்காட்சியின் அங்கங்களுள் ஒன்றாகிய மயக்கமின்மைக்குச் சமந்தபத்திராசாரியர் எடுத்துக்காட்டும் ரேவதியின் கதையை நாம் அறிவோம். மாயத்தால் தீர்த்தங்கரர் போன்றதொரு தோற்றம் ஊரெல்லையில் காட்டப்பட்டபோது மக்கள் திரண்டு ஓடினர். ரேவதியோ, "தீர்த்தங்கரர் இருபத்து நால்வரே, இருபத்தைந்தாமவர் எங்ஙனம் வருவார்?" என்று அசையாதிருந்தாள். நம் சிறுவன் ஒப்பித்ததும் அதே இருபத்து நான்குதான். ரேவதிக்கு அந்த எண் கண்ணாய்ப் பயன்பட்டது. சிறுவனுக்கோ அது பரிசுக் கிண்ணமாய் முடிந்தது. வேற்றுமை மனனத்தில் இல்லை. மனனம் செய்ததை வாழ்வில் எடுத்தாளும் பழக்கத்திலேயே உள்ளது.

"வினவப் பழகிய பிள்ளை ஐயத்தில் வீழ்ந்துவிடாதோ? ஐயமின்மையன்றோ நற்காட்சியின் முதல் அங்கம்?" என்றும் சிலர் அஞ்சுவர். ஐயத்தை வாய்விட்டுக் கூறாமை வேறு. ஐயம் தீர்ந்து தெளிதல் வேறு. முன்னது அச்சம், பின்னதே நற்காட்சி. எறும்பு மூவறிவுயிர் என்று நாம் சொல்கிறோம். மெய், வாய், மூக்கு என்னும் மூன்றே அதற்கு உண்டு என்பது நம் ஆகமக் கொள்கை. தொல்காப்பியர் மரபியலிலும் எறும்பு மூவறிவுயிருள்ளே வைக்கப்பட்டுள்ளது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, "எறும்புக்குக் கண் உண்டென்று எங்கள் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறதே, தாத்தா!" என்று கேட்குமாயின் என் செய்வது? சினந்து வாயடைத்தல் எளிது. ஆனால் அப்பிள்ளை அதன்பின் நம்மிடம் எதனையும் கேளாது. பன்னிரண்டு வயதுக்குப் பின் கோயிலுக்கும் வாராது. "நன்றாகக் கேட்டாய், வா, பார்ப்போம்" என்று அழைத்துச் செல்வதே தக்கது. எறும்பு வரிசையில் இடைவெளி விழும்போது, அவ்விடத்துத் தரையை ஈரத்துணியால் மெல்லத் துடைத்துக் காட்டலாம். வரும் எறும்புகள் அங்கே திகைத்து நிற்கும். அங்குமிங்கும் தேடிப் பின் வழியைக் கண்டுகொள்ளும். மணமே அவற்றிற்குப் பெருவழிகாட்டி என்பது அப்போது விளங்கும். அறிவியல் எதனை அளக்கிறது, நம் பகுப்பு எதற்காக எழுந்தது என்று இருவரும் உரையாடலாம். பொறிகள் மூன்றோ நான்கோ, நோவு அதற்கும் உண்டு என்னும் இடத்திற்கு அவ்வுரையாடல் வந்து சேரும். அவ்விடத்தை அடைந்த பிள்ளையின் கால் பின்னர் எறும்பின்மேல் எளிதில் விழாது.

இவ்வாறு கற்பிக்கப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. வீட்டுத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, செடி, புழு, எறும்பு, வண்டு, அணில் என ஓரறிவு முதல் ஐயறிவு வரை பிள்ளையையே தேடி வகைப்படுத்தச் செய்யலாம். தண்ணீரை வடிகட்டும் துணியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, வடிகட்டிய பின் துணியில் தங்கியதை மீண்டும் நீர்நிலையில் சேர்ப்பது ஏன் என்று வினவலாம். இரவுணவு ஏன் ஆகாது என்று நாம் விளக்குவதை விட, மழைக்கால மாலையில் விளக்கினடியில் பிள்ளையைச் சிறிது நேரம் அமர்த்திவைத்தால், வந்து விழும் பூச்சிகளே அதனை விளக்கிவிடும். தீர்த்தயாத்திரை செல்கையில், "இவர் மகாவீரர்" என்று நாமே முந்திக்கொள்ளாமல், பீடத்தில் சிங்கம் உள்ளதா, சங்கு உள்ளதா, காளை உள்ளதா என்று பிள்ளையே கண்டு, இவர் யாரெனச் சொல்ல விடலாம். அனேகாந்தத்தைக் கற்பிக்க ஒரு குத்துவிளக்கும் நான்கு பிள்ளைகளும் போதும். நாற்புறமும் அமர்ந்து தாம் கண்டபடி வரைந்த படங்கள் வேறுபடுவதையும், எதுவும் பொய்யன்று என்பதையும் அவர்களே கண்டுகொள்வார்கள். கண்டதை இளைய பிள்ளைகட்கு எடுத்துச் சொல்லச் செய்வோமாயின் பவணந்தியாரின் அரைப்பங்கும் கூடிவரும்.

இவ்வளவு எளிதாயின் நாம் ஏன் செய்வதில்லை? காலமின்மை என்போம். உண்மைக் காரணம் வேறென்றே தோன்றுகிறது. கிளி நம்மைத் திருப்பிக் கேட்பதில்லை. அசைபோடும் பிள்ளையோ கேட்கும். தோட்டத்தில் புழுவை உயிரென்று கண்டுகொண்ட சிறுமி, மறுநாள் கோயிலுக்குப் புறப்படும் தாயை நோக்கி, "அம்மா, பட்டு எதிலிருந்து வருகிறது?" என்று கேட்பாள். கூட்டினுள் உறங்கும் புழுவோடு கொதிநீரில் இட்டே பெரும்பாலும் பட்டு நூல் எடுக்கப்படுகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். தாய் என்ன விடை கூறுவார்? தந்தையின் தோல் இடைவாரைச் சுட்டி அவள் கேட்டால் தந்தை என்ன சொல்வார்? பொருளுணர்ந்து கற்கும் பிள்ளையை வளர்ப்பதென்பது, நம் ஒழுக்கத்தை நாள்தோறும் அப்பிள்ளையின் முன் தேர்வுக்கு வைப்பதாகும். அதற்கு அஞ்சியே நாம் கிளிகளை விரும்புகிறோமோ என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

விடை தெரியாத இடத்தில், "எனக்குத் தெரியவில்லை, கண்ணே, கேட்டறிந்து சொல்கிறேன்" என்பதும், தவறு உள்ள இடத்தில், "இது என் குறை, விட முயல்கிறேன்" என்பதும் பெற்றோர்க்கு இழிவன்று. அவ்விரு சொற்களும் சத்திய விரதத்தைப் பற்றிப் பிள்ளை பெறும் முதற்பாடங்கள். அச்சுறுத்தியும் அடித்தும் அகிம்சையைக் கற்பித்தலோ, அகிம்சை என்பது மெலியோரை வலியோர் அதட்டச் சொல்லும் சொல் என்றே பிள்ளைக்குக் கற்பிக்கும்.

ஆதிபகவன் தம் மகளிராகிய பிராமிக்கும் சுந்தரிக்கும் எழுத்தும் எண்ணும் கற்பித்தபோது அவர்களை மடிமீது இருத்திக் கற்பித்தார் என்று ஆதிபுராணம் கூறுகிறது. இவ்வுலகின் முதல் பாடசாலை ஒரு தந்தையின் மடியே. அன்று அச்சிறுவனின் முதுகில் விழுந்த அடிக்குப் பதிலாக, தாயார் அவனருகே தரையில் அமர்ந்து, எஞ்சிய எறும்புகள் மாண்டவற்றைச் சுமந்து செல்வதைச் சிறிது நேரம் அவனோடு சேர்ந்து பார்த்திருப்பாராயின், அவன் பெற்ற பரிசினும் பெரிய பேறு அவனுக்கு அன்றே வாய்த்திருக்கும்.

அடுத்த போட்டி வருமுன் நம் பிள்ளைகளோடு நாமும் ஒருமுறை தரையில் அமர்வோமாக.