நான்கு நிமிடங்கள்

வேண்டுமென்றே செய்த தவற்றுக்கு மனிதன் பொறுப்பாளி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் கவனியாது விட்டதற்கு? "நான் பார்க்கவில்லை" என்று ஒருவர் உண்மையாகவே கூறும்போது, அந்த உண்மை அவரை விடுவித்துவிடுமா?

1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவு. நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானம் மயாமியில் தரையிறங்க ஆயத்தமாகிறது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்ட வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. 2000 அடிக்கு ஏறி, விமானத்தைத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைக்கிறார்கள். விமானியும் துணை விமானியும் விளக்கின் மூடியோடு போராடுகின்றனர். பொறியாளர் சக்கரத்தை நேரில் காணக் கீழறைக்குள் இறங்குகிறார். உடன் பயணம் செய்த பராமரிப்பு வல்லுநரும் அவருக்குத் துணையாகச் செல்கிறார். இதற்கிடையே, யாரோ கட்டுப்பாட்டுத் தண்டின்மேல் இடித்ததாலோ என்னவோ, உயரத்தைக் காத்துநின்ற பிடி விடுபட்டது. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அதை அறிவிக்கும் ஒலி ஒருமுறை எழுந்தது. எவரும் அதைக் கருதவில்லை. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் தம் திரையில் 900 அடி என்று கண்டும், "எப்படிப் போகிறது?" என்று பொதுவாகக் கேட்டாரேயன்றி, உயரத்தைக் கேட்கவில்லை. சில நொடிகளில் விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 176 பேரில் 101 பேர் மாண்டனர்.

பின்னர் ஆராய்ந்தபோது, முன்சக்கரம் முறையாகவே இறங்கியிருந்தது. பழுதானவை விளக்கின் சிறு குமிழ்கள் மட்டுமே. இறுதி நான்கு நிமிடங்கள் கருவிகளை எவரும் கண்காணிக்கவில்லை என்பதே விசாரணையின் முடிவு.

வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியை அளவிறந்த சினத்தினும் தீயதென்றார். ஆயின் இந்த நால்வரும் களிப்பில் மறந்தவர்கள் அல்லர்; கடமையிலேயே மூழ்கி மறந்தவர்கள். நம்மை அச்சுறுத்த வேண்டியது இதுதான். சோம்பலாய் வரும் கவனச் சிதறலை நாம் இனம் கண்டுகொள்வோம். கடமையின் உடையணிந்து வருவதை எப்படிக் கண்டுகொள்வது?

இன்னொரு நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மினியாபொலிஸ் செல்ல வேண்டிய நார்த்வெஸ்ட் விமானம் ஒன்று அந்நகரைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் பறந்துவிட்டது. விமானிகள் இருவரும் மடிக்கணினியில் பணி நேர ஒதுக்கீட்டு முறையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தனர். தரையிலிருந்து வந்த அழைப்புகள் அவர்களை எட்டவில்லை. எப்போது இறங்குவோம் என்று பணியாளர் ஒருவர் வினவியபோதே விழித்துக்கொண்டனர். ஒருவருக்கும் ஊறில்லை, ஆயினும் அவர்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. விளைவு வேறு, மறதி ஒன்றே. விளைவைக் கொண்டு மட்டும் குற்றத்தை அளந்தால், நல்லூழ் உடையவனே நல்லவன் ஆகிவிடுவான்.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? மறந்த அந்தக் கணத்தில் இல்லை. மறப்பவன் தான் மறக்கிறான் என்பதை அறியான். அறியாததைத் தேர்ந்துகொள்ளவோ தவிர்க்கவோ எவராலும் இயலாது. ஆனால் அதற்கு முன்னே ஒரு கணம் இருந்தது. "நீங்கள் விளக்கைப் பாருங்கள், நான் விமானத்தைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொல்லியிருக்கக்கூடிய கணம் அது. சொல்லப்படாத அந்த ஒரு வாக்கியத்தில்தான் பொறுப்பு தங்கியிருக்கிறது.

விமானத் துறை இதைக் கற்றுக்கொண்டது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, பறத்தலுக்குத் தேவையற்ற பேச்சும் செயலும் விமானி அறையில் கூடாது என்று 1981இல் அமெரிக்காவில் விதி வந்தது. மனிதனின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாத விதி அது. மனம் தடுமாறும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு அதற்கு வேலியிடுகிறது. அளவுக்கு மீறிய சுமையைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு, பின்னர் "ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்போருக்கும் இதில் பாடம் உண்டு. சுமை ஏற்றியவர் பொறுப்பில் பங்காளியே.

நம் இல்லங்களிலும் அணைந்த விளக்குகள் உண்டு. பிள்ளையின் மதிப்பெண் குறைந்ததென்று தந்தையும் தாயும் ஆசிரியரும் அந்த எண்ணையே சூழ்ந்து நிற்கிறார்கள். பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டதையும், உணவை ஒதுக்குவதையும் கண்டவர் எவருமில்லை. "எப்படிப் படிக்கிறாய்?" என்று அனைவரும் கேட்கிறார்கள், "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பார் இல்லை. அங்கேயும் உயரம் குறைந்துகொண்டிருக்கிறது.

விளக்கைப் பார்க்க வேண்டாம் என்பதன்று, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எல்லோரும் அதன்மேல் குனிந்திருக்கும்போது, ஒருவரேனும் நிமிர்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முன்னரே முடிவுசெய்துகொள்வதே அறம்.